பப்பாளியைப் பிறகு பார்க்கலாம், பிரசவம் எங்கே என்று முதலில் பேசுங்கள்

கேள்வி: முதல் குழந்தை, ஆறாம் மாதம் நடக்கிறது. கோவையில் இருக்கிறோம், ஐடி வேலை. ஏப்ரல் 28 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். ரத்தம் ஓ நெகட்டிவ். மாமியார் பப்பாளி, அன்னாசி, எள் எதையும் தொட விடுவதில்லை. சத்து மாத்திரை சூடு, குழந்தை கறுத்துவிடும் என்கிறார், குங்குமப்பூ வாங்கி வைத்திருக்கிறார். தை மாதம் வளைகாப்பு முடிந்ததும் அறந்தாங்கி பக்கம் கிராமத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். சித்திரையில் பிள்ளை வேண்டாம், பங்குனியிலேயே நல்ல நாள் பார்த்து ஆபரேஷன் செய்துவிடலாம் என்பது மாமனார் பேச்சு. யார் சொல்வதைக் கேட்பது? கணவர் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

மகப்பேறு வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் எழுதியதைப் படித்ததும் பழகிய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. பாதிக் கடிதம் சாப்பாட்டைப் பற்றி, ஒரே ஒரு வரி பிரசவம் எங்கே என்பதைப் பற்றி. எல்லா வீட்டிலும் இப்படித்தான். பழத்துக்குச் சண்டை நடக்கும், ஆஸ்பத்திரி தானாக முடிவாகிவிடும். இதைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சாப்பாட்டை முதலில் முடித்துவிடுகிறேன். பப்பாளிக் காயில் பால் இருக்கிறது. அந்தப் பாலுக்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் தன்மை உண்டு என்று எலிகளில் செய்த ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அதனால் காயும் செங்காயும் வேண்டாம். நன்றாகப் பழுத்த பப்பாளியில் இரண்டு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது. அன்னாசியும் அப்படித்தான். எள்ளில் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் இருக்கிறது, இட்லிப் பொடியில் சேரும் எள்ளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் மாமியார் மனது கஷ்டப்படுகிறது என்றால் விட்டுவிடுங்கள். பப்பாளி தின்னாததால் எந்தக் குழந்தைக்கும் குறை வந்ததில்லை, கொய்யாவும் நெல்லிக்காயும் இருக்கின்றன. குங்குமப்பூவால் நிறம் மாறாது, நிறம் அப்பா அம்மா வழியில் வருவது. எங்கள் வார்டில் குங்குமப்பூ சாப்பிட்டவர்கள் பெற்ற பிள்ளைகளும் அவரவர் குடும்பத்து நிறத்தில்தான் இருந்தன. ஒரு சிட்டிகை பாலில் போட்டுக் கொடுத்தால் குடித்துவிடுங்கள், பாலாவது உள்ளே போகும். 'ரெண்டு பேருக்குச் சாப்பிடு' என்று மூன்றாவது முறை சோறு வைத்தால் மட்டும் கையை மறியுங்கள். இப்போது உங்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு நாளைக்கு 350 கலோரி அளவுதான். இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சுண்டலும் போதும்.

விட்டுக்கொடுக்கக் கூடாதது மாத்திரை. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். குழந்தை கறுக்கும் என்ற பேச்சு அதிலிருந்துதான் கிளம்பியிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். கர்ப்பத்தில் உடம்பின் ரத்த அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. அதற்கு வேண்டிய இரும்பு முழுவதும் நம் சாப்பாட்டிலிருந்து கிடைத்துவிடாது. அரசு தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. தினம் ஒன்று வீதம் 180 நாள், பிள்ளை பெற்ற பிறகு இன்னொரு 180 நாள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. பிரசவத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் ரத்தம் போகத்தான் செய்யும். 12 இருப்பவள் அதைத் தாங்கிக்கொள்வாள், 8 இருப்பவளை நாங்கள் பதைபதைப்போடு பார்த்துக்கொண்டிருப்போம். மாமியாரிடம் நிறத்தைப் பற்றி வாதாட வேண்டாம், 'பிரசவத்துல ரத்தம் ஏத்தாம இருக்கணும் அத்தை, அதுக்குத்தான்' என்று சொல்லிப் பாருங்கள். பிரசவம் பார்த்த எந்தப் பெண்ணுக்கும் அது புரியும்.

மாத்திரையைக் காபி, டீயோடு சேர்க்காதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சை சாறோடு நல்லது. கால்சியம் மாத்திரையை இரண்டு மணி நேரமாவது தள்ளி, வேறு வேளையில் போடுங்கள். இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்து ஒரே வாயில் விழுங்குகிறவர்கள் நிறைய. முதுகு வலி, தலைவலி என்று மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்குவதை மட்டும் அடியோடு நிறுத்துங்கள். 20 வாரத்துக்கு மேல் அவற்றில் பல, குழந்தையின் சிறுநீரகத்தையும் பனிக்குட நீரையும் பாதிக்கக்கூடியவை.

சர்க்கரைப் பரிசோதனை இந்த மாதமே செய்துவிட வேண்டியது. 24 வாரத்திலிருந்து 28 வாரத்துக்குள் அதற்குச் சரியான காலம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றில்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் ஒரே ரத்த மாதிரியில் கண்டுபிடிக்கும் இந்த முறையை வலியுறுத்தி நாடு முழுக்கப் பரப்பியவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. 'எங்க வீட்டுல யாருக்கும் சுகர் இல்லையே' என்று தள்ளிப்போடாதீர்கள். இந்தப் பரிசோதனையில் வரும் எண், நீங்கள் எந்த ஊரில் பிரசவிக்க வேண்டும் என்பதையே மாற்றிவிடலாம்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நல்ல ஏற்பாடு. பாலூட்டும் முதல் வாரங்களில் பெற்ற தாய் பக்கத்தில் இருந்தால் பெண் நாலு மணி நேரமாவது தூங்குவாள், கூச்சமில்லாமல் அழுவாள், கூச்சமில்லாமல் கேட்பாள். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஆறேழு மாதம் ஒரு மருத்துவரிடம் பார்த்துவிட்டு, கடைசி நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில் ஸ்கேன் காகிதங்களோடு அறிமுகமே இல்லாத இன்னொருவர் முன்னால் போய் உட்காரும்போது. அந்த மருத்துவருக்கு உங்கள் பழைய ரத்த அழுத்தம் தெரியாது. எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் தெரியாது. பையில் பாதிக் காகிதம் இருக்காது. முன்பின் தெரியாத கர்ப்பிணி நள்ளிரவில் வலியோடு வந்தால் எந்த மருத்துவரும் பாதுகாப்பான பக்கம்தான் சாய்வார், நம் ஊரில் அந்தப் பக்கம் பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டர்.

ஆகவே அம்மாவிடமும் மாமியாரிடமும் கேட்க வேண்டியது இது: இரவு இரண்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்தால் எங்கே போவோம்? அங்கே அந்த நேரத்தில் மயக்க மருந்து மருத்துவர் இருப்பாரா? ஓ நெகட்டிவ் ரத்தம் எங்கிருந்து வரும்? பிறந்த குழந்தைக்கு மூச்சுத் திணறினால் அதே கட்டடத்தில் பார்ப்பார்களா, வேறு ஊருக்கு அனுப்புவார்களா? கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிக்கல் இல்லாத சுகப்பிரசவம் நன்றாகவே பார்ப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. உங்கள் ரத்த வகைக்கும் தலைப்பிரசவத்துக்கும் அறந்தாங்கி அரசு மருத்துவமனை அல்லது 35 கி.மீ. வாக்கில் இருக்கும் புதுக்கோட்டையை மனதில் வையுங்கள். புதுக்கோட்டையில் ராணியார் மகப்பேறு மருத்துவமனையும் இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. தனியார் என்றாலும் இதே கேள்விகள்தான். வரவேற்பறையின் ஏசியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

காலத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏப்ரல் 28 தேதி என்றால் 28 வாரம் பிப்ரவரி முதல் வாரத்தில் முடிகிறது. வளைகாப்பு முடிந்து கையோடு அழைத்துப் போனால் இன்னும் 12 வாரம் பாக்கி. சட்டப்படி உங்களுக்குக் கிடைக்கும் 26 வாரச் சம்பள விடுப்பில் பிரசவத்துக்கு முன்னால் எடுக்க முடிவது 8 வாரம் மட்டும், அதாவது மார்ச் முதல் வாரத்திலிருந்துதான். முன்னால் எடுக்கும் ஒவ்வொரு வாரமும் பின்னால் குழந்தையோடு இருக்கும் நாளில் கழியும். வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி இருந்தால் ஊரில் இணையம் எப்படி என்று இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வளைகாப்பைத் தையில் முடித்துக்கொண்டு, பயணத்தை மட்டும் மார்ச் முதல் பாதிக்குத் தள்ளலாம். 33, 34 வாரத்தில் பயணம் செய்யலாம், உங்கள் மருத்துவர் தடை சொல்லாதவரை. ரயிலில் கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப் படுக்கையில் முன்னுரிமை உண்டு. காரென்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள், சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பின் மேல் வர வேண்டும்.

இதற்கு முன்பே, பிப்ரவரியில் ஒரு தடவை ஊருக்குப் போய் அங்கே பிரசவம் பார்க்கப் போகிறவரைச் சந்தித்துவிட்டு வந்தால் பாதிப் பாரம் குறையும். சர்க்கரை, ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி கருப்பையில் கீழே இருப்பது என்று ஏதாவது தென்பட்டால் திட்டத்தை மாற்றுங்கள், அம்மா கோவைக்கு வரட்டும். தாய் வீடு என்பது தாய் இருக்கும் வீடுதானே. கம்பெனி காப்பீட்டை நம்பியிருந்தால், ஊரில் பார்க்கும் மருத்துவமனை அதன் பட்டியலில் இருக்கிறதா என்பதும் இப்போதே தெரிய வேண்டியது.

பிக்மி எண், அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதிந்தால் தரும் எண், வாங்கிவிட்டீர்களா? தனியாரில் பார்ப்பவர்கள் இதை மறந்துவிட்டுப் பிறப்புச் சான்றிதழுக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன். கோவையில் பதிந்திருந்தால் அந்த எண்ணை அம்மா ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவையுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பில் கிடைக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் இந்தப் பதிவுதான் அடிப்படை. அந்த அம்மையார் 1886-ல் பிறந்தது உங்கள் புதுக்கோட்டையில்தான். பிறப்பைப் பதிவது மருத்துவமனை இருக்கும் ஊரில், 21 நாளுக்குள். பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது பங்குனி ஆபரேஷன். சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று புதுப் பெண்ணை ஆடியில் தாய் வீட்டுக்கு அனுப்புகிற ஊர் நம்முடையது. உங்கள் கணக்குப்படி ஆடியில் உங்களை யாரும் பிரித்துவைக்கவில்லை, அந்த வருத்தம் மாமனாருக்கு இப்போது வந்திருக்கிறது! பங்குனி ஏப்ரல் 13-ஓடு முடிகிறது. கடைசி நாளில் எடுத்தாலும் 38 வாரம் நிறையாது. மார்ச் மாதத்தில் ஏதாவது முகூர்த்தம் என்றால் 36 வாரம் கூட நிறையாது. மருத்துவக் காரணம் இல்லாத சிசேரியனை 39 வாரத்துக்கு முன் செய்யக் கூடாது என்று சொல்வது குழந்தையின் நுரையீரலுக்காக. வலி வந்து பிறக்கும்போது நுரையீரலில் இருக்கும் நீர் வடிய ஆரம்பித்துவிடுகிறது. வலியே இல்லாமல் முன்கூட்டி எடுத்த குழந்தைக்கு மூச்சு வேகமாக வாங்கலாம், சில குழந்தைகளை இன்குபேட்டரில் வைக்க வேண்டிவரும். நல்ல நட்சத்திரத்தில் பிறந்த பிள்ளையைத் தாய் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதில் யாருக்கு என்ன லாபம்? இதை நீங்கள் மாமனாரிடம் பேச வேண்டாம், கணவர் பேசட்டும். அடுத்த பரிசோதனைக்கு மாமனாரையும் கூட அழைத்துப் போய் மருத்துவர் வாயாலேயே கேட்கவைப்பது இன்னும் நல்லது. பெரியவர்கள் வெள்ளைக் கோட்டுக்கு மரியாதை தருவார்கள். 39 வாரம் நிறைந்த பிறகு, வேறு காரணத்துக்காக ஆபரேஷன் முடிவாகி, செவ்வாயா புதனா என்று வந்தால் அப்போது பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளட்டும், யாருக்கும் நஷ்டமில்லை.

சிசேரியன் பயம் உங்களுக்கு இருப்பது நியாயம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். தனியாரில் 64, அரசில் 36. நாடு முழுவதற்கும் சேர்த்து எண் 21.5 தான். தாமதமான திருமணம், சர்க்கரை, எடை, ஏற்கெனவே தையல் போட்ட கருப்பைகள் என்று காரணங்கள் உண்டு. ஆனால் இவை மட்டும் இந்த அளவுக்குக் கொண்டுபோகாது. மருத்துவர்களின் அவசரத்தையும் கட்டணத்தையும் எல்லோரும் பேசுகிறார்கள். நடைபாதையில் நிற்கும் சொந்தக்காரர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 'பொண்ணு இப்படிக் கத்துதே, கிழிச்சு எடுத்துடுங்க டாக்டர்' என்று கெஞ்சுகிறவர்கள் பெரும்பாலும் நம் வீட்டு ஆட்கள்தான். தலைப்பிரசவத்துக்கு அரை நாளுக்கு மேல் ஆவது சாதாரணம். கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற பழைய கணக்கை வைத்து அவசரப்படக் கூடாது, 5 சென்டிமீட்டருக்குப் பிறகுதான் வேகமான கட்டம் ஆரம்பம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லிவிட்டது. இதை உங்கள் அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தொப்புள்கொடி சுற்றியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்தாலே ஆபரேஷன் என்று அழாதீர்கள். கழுத்தில் ஒரு சுற்றோடு பிறக்கும் குழந்தைகள் ஏராளம், நாங்கள் விரலால் தளர்த்திக் கழற்றிவிடுவோம். குழந்தை எடை அதிகம் என்று ஸ்கேன் சொல்வதும் ஒரு மதிப்பீடு மட்டுமே. மறுபுறம், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக்கொண்டிருந்தாலோ, குழந்தை குறுக்கே கிடந்தாலோ, இதயத் துடிப்பு விழுந்துகொண்டே போனாலோ ஆபரேஷன்தான் வழி. அப்போது இரண்டாவது கருத்து கேட்டு ஊர் சுற்ற நேரமில்லை. அவசரமில்லாத நேரத்தில் ஆபரேஷன் சொன்னால், 'காத்திருந்தால் என்ன ஆகும்?' என்று ஒரே கேள்வி கேளுங்கள். காரணம் உள்ளவர் பொறுமையாகச் சொல்வார். முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகு வலி என்பது மட்டும் வெறும் பேச்சு.

வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று யாராவது வீடியோ அனுப்பினால் அழித்துவிடுங்கள். 2018-ல் திருப்பூரில் அப்படி முயன்ற ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்துபோனாள்.

ஊரில் வலி வந்தால் சூட்டு வலியா நிஜ வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் கொடுப்பார்கள். குடியுங்கள், கெடுதல் இல்லை. விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம். கஷாயத்துக்குக் காத்திருக்கக் கூடாத நேரங்கள் சில உண்டு: ரத்தம் படுவது, நீர் உடைவது, கண் மங்கலோடு தலைவலி, முகமும் கையும் திடீரென வீங்குவது, குழந்தை அசைவு வழக்கத்தைவிடக் குறைவது. இவற்றில் ஒன்று வந்தாலும் மணி பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு வரும் வழக்கங்களில் மூன்றை மட்டும் தடுத்தால் போதும். ஒன்று, சேனை. தாத்தாவோ அத்தையோ சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டுவைப்பது. கழுதைப் பால் கொண்டுவருகிறவர்களும் உண்டு. ஒரு வயதுக்கு முன் தேன் ஆபத்து, நரம்பைத் தாக்கும் நச்சை உண்டாக்கும் கிருமி அதில் இருக்கலாம். முதல் மணி நேரத்தில் சீம்பால்தான் போக வேண்டும். ஆசைக்கு, அந்தப் பெரியவர் குழந்தையை மடியில் வாங்கி ஆசி சொல்லட்டும். இரண்டு, தாய்க்குத் தண்ணீர் கொடுக்காத பத்தியம். வயிறு வைத்துவிடும் என்று நாளுக்கு இரண்டு தம்ளரோடு நிறுத்துவார்கள். உங்கள் பத்திய நாட்கள் அக்கினி நட்சத்திரத்தில் விழுகின்றன. பால் கொடுக்கும் உடம்பு, புதுக்கோட்டை வெயில், தண்ணீர் இல்லை என்றால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் நிச்சயம், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் வேறு. வெந்நீராகவே குடியுங்கள், ஆனால் நிறையக் குடியுங்கள். மூன்றாவது, குளிப்பாட்டும் ஆயா மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் சளி ஊதி எடுப்பது. பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் பிரசவ லேகியமும் தாராளமாகச் சாப்பிடுங்கள். ரத்த அழுத்தம் இருந்தால் மட்டும் லேகியத்தை மருத்துவரிடம் காட்டிவிட்டு எடுங்கள்.

முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வரும், பத்துப் பதினைந்து நாளில் போய்விடும். அதைத் தாண்டியும் தூக்கமே வராமல், குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்தால் கண்ணேறு கழிப்பதோடு நிற்காதீர்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், செலவில்லை.

கணவருக்கு வருகிறேன். மாமனாரிடம் பேசுவது அவர் வேலை என்று சொல்லிவிட்டேன். மீதி வேலை உங்கள் ரத்த வகையில் இருக்கிறது. அவர் வகை பாசிட்டிவ் என்றால், குழந்தையும் பாசிட்டிவாக இருந்து அந்த ரத்தம் உங்கள் உடம்பில் கலந்தால், அடுத்த குழந்தையைத் தாக்கும் எதிர்ப்பொருள் உருவாகலாம். அதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை 28 வாரத்தில் ஒன்றும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்றும் போடுவார்கள். முதல் ஊசி நாள் சரியாக வளைகாப்புப் பரபரப்பில் வருகிறது. பந்தல்காரரைப் பார்க்கும் மும்முரத்தில் அது தவறிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அவர்தான். இரண்டாவது ஊசி பிரசவம் பார்க்கும் இடத்தில் கையிருப்பில் இருக்குமா என்று போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஓ நெகட்டிவ்காரருக்கு ஓ நெகட்டிவ் மட்டும்தான் ஏற்ற முடியும், அது நம் ஊரில் அரிது. அறந்தாங்கி, புதுக்கோட்டை வட்டாரத்தில் அந்த வகை உள்ள இரண்டு பேரையாவது மார்ச் முடிவதற்குள் நேரில் பார்த்துப் பேசி, ஏப்ரலில் வெளியூர் போகமாட்டார்களா என்றும் கேட்டு, அவர்கள் எண்களை உங்கள் தாய் சேய் நல அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைக்கட்டும்.